நாலு சுரம் கீழே

தந்தியை இறுக்கினால் அல்ல,
தளர்த்தினால்தான் ஓசை கனக்கும்.
ஆதோஸ் முடுக்காணியைத் திருகிக்கொண்டே போனான்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவது சுரத்தில் தந்தி
துணி காயப்போட்ட கொடிபோலத் தொங்கியது.
"தடித்த தந்தி வாங்கணும்" என்றான் துயிஸ்கு,
டிரம் குச்சியால் முதுகைச் சொறிந்தபடி.
"வாங்கி ஒரு மாசம் ஆச்சு."
இது இன்று எடுத்த முடிவில்லை என்று
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கெமி துறைமுகத்துக்குப் பின்னால்
மீன் கிடங்கொன்றில் எங்கள் ஒத்திகை.
ஒன்பது வருடம், இரண்டு ஆல்பம்.
எல்லாப் பாட்டின் வாசலிலும்
என் கீபோர்டுதான் நின்றது.
கிதார்கள் என் மெட்டைக் கேட்டுத்தான்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்.
பல் மருத்துவரின் உதவியாளர்கூட
அதைச் சீட்டியடித்திருக்கிறாள்,
நான் வாயைத் திறந்து கிடந்தபோது.
அது என்னுடையது என்று
எப்படிச் சொல்வது, அந்த வாயால்?

போன குளிர்காலம் ஆதோஸ்
பனியுடைக்கும் கப்பலில் எந்திர வேலைக்குப் போனான்.
திரும்பியபோது போனில் ஓர் ஒலிப்பதிவு இருந்தது,
பதினெட்டு நிமிடம்.
கப்பலின் அடிவயிற்றில்
உறைந்த கடல் உரசுகிறது.
உரசுகிறது என்பது நாசூக்கான சொல்.
இடம் தர மாட்டேன் என்கிறது கடல்.
கப்பல் அதனிடம் கேட்கவே இல்லை.

"இவ்வளவு நாள் நாம வாசிச்சது ஜூன் மாசம்" என்றான்.
"இந்த ஊரில் ஜூன் எத்தனை நாள்?"

நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.
ஜூன் என் விரல்களில் இருந்தது.

பாடகன் ஊர்ஹோ இப்போது பாடுவதில்லை,
தொண்டைக்குள் கல் அரைக்கிறான்.
தேனுக்கு மட்டும் வாரம் ஒரு பாட்டில்.
புதிய பாட்டு ஆறு நிமிடம் பத்து விநாடி.
அதில் எனக்கு ஒரே ஒரு சுரம்.
நாலாவது நிமிடத்தில்
இடது சுண்டுவிரலால் அழுத்தி
முடியும்வரை எடுக்கக் கூடாது.
அதுவரை?
"நில்லு" என்றான் துயிஸ்கு. அன்பாகத்தான்.

நின்றேன்.
ரோவானியெமியில் நின்றேன், ஔலுவில் நின்றேன்,
ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டு
பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல.
முன்வரிசையில் எங்கள் முதல் சட்டை போட்ட ஒருவன்,
நெஞ்சில் அன்னம் வெளுத்துப்போயிருந்தது,
இரண்டாவது பாட்டோடு வெளியேறினான்.
"திட்டினானா?" என்று கேட்டேன்,
சட்டை விற்கும் ஹெல்லாவிடம்.
"இல்லை. துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவன் மாதிரி
தலையை ஆட்டிவிட்டுப் போனான்."
புதுச் சட்டை அன்று நாற்பது விற்றது.
அதையும் சொல்லியாக வேண்டும்.

விலகுவதாகக் கடிதம் எழுதினேன்.
அதில் 'மெட்டு' ஏழு தடவை வந்தது, 'நான்' இருபது தடவை.
எண்ணிப் பார்த்ததும் அனுப்ப மனம் வரவில்லை.

சும்மா நிற்கிறவளுக்குக் காது வளர்கிறது.
துயிஸ்குவின் இடது கால்
எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி இறங்கும்.
அந்தப் பிந்தலில்தான் பாட்டு மூச்சு விடுகிறது.
ஒன்பது வருடம் அவன் பக்கத்தில் இருந்தும்
இதை நான் கேட்டதில்லை.
நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் கோக்கோலாவில், ஒரு வியாழக்கிழமை,
வேண்டுமென்றே விரலை எடுத்தேன்.
நாலு தாளக்கட்டு, அவ்வளவுதான்.
என் சுரம் ஒலிக்கும்போது யாருக்கும் கேட்காது.
அது இல்லாதபோது
ஆதோஸ் இருட்டில்
இல்லாத படியில் கால் வைத்தவன்போல
சட்டென்று திரும்பிப் பார்த்தான்.
கூட்டத்திலும் சில தலைகள் நிமிர்ந்தன,
எதற்கென்று தெரியாமல்.

விரலைத் திரும்ப வைத்தேன்.
கடல் திரும்ப வந்தது.

வேனில் யாரும் பேசவில்லை.
டீசல் போட நிறுத்திய இடத்தில்
எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்தான்,
சர்க்கரை மறந்துபோய்.
மறுநாள் வாசாவில் ஒலிச்சோதனைக்கு ஏறினேன்.
என் பெட்டியின் குமிழ்
இரண்டு புள்ளி மேலே திருகியிருந்தது.
அது என் கைவேலை இல்லை.